டீக்கடை தாண்டுவதற்குள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். பழைய கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. மச்சான் கேட்ட ஒரு கேள்விதான் என்னைக் காது கொடுக்க வைத்தது.

"காரு இன்னா வைக்கோலா துண்ணுது, மாமா?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"மூணு லட்சம் சொன்னவன்கிட்ட ஒன்னரை லட்சத்துக்கா கேப்பாங்க?"

"பாதிக்குக் கேட்டாதான் முக்காலுக்குப் படியும். கேட்டுட்டுத் திரும்பிப் பாக்காம நடக்கணும். டீக்கடை தாண்டறதுக்குள்ள கூப்டுவான். சந்தையில காலம்பூரா அப்டித்தான் வாங்கிக்கினு இருந்தேன்."

"அது மாடு. விக்கலன்னா திரும்ப வூட்டுக்கு ஓட்டிக்கினு போவணும், தீனி போடணும். அதுக்காவ கூப்டுவான். காரு அது பாட்டுக்கு நிக்கும். எவன் கூப்டுவான்?"

பஸ் மாகறலைத் தாண்டியதும் மச்சானே தொடர்ந்தார்.

"வாடகைக்கு ஓட்டிப் பொழைக்கலாம்னு கறவை மாட்ட எல்லாம் வித்துட்ட. பாக்கற காரெல்லாம் இப்டி வுட்டுக்கினே வர. மாடு வித்த துட்டு கையில கீது இல்ல, அவன் சொன்னத குட்த்துட்டு எட்த்துக்கினு வர வேண்டிதான?"

"பத்தாது."

"எப்டி பத்தாம போவும்? நல்ல மாடுங்க ஆச்சே."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாங்க வந்தவன் பாதிக்குக் கேட்டுட்டு நடந்துட்டான். டீக்கடை தாண்டறதுக்குள்ள நான்தான் கூப்ட்டேன்."