அவள் மோதிய கதவு

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் முதியோர் வகுப்பின் ஆசிரியை அவர்களே! என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து 'அ' போட்ட மூத்தோரே! மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மாரே! வணங்குகிறேன். தாளைப் பார்த்துத் திணறினால் பொறுத்தருளுங்கள். என் எழுத்து குண்டும் குழியுமான சாலை. வண்டி மெல்லத்தான் போகும். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! என் கையால் எழுதி என் கண்ணால் படிக்கிறேன். எனக்கே சிரிப்பு தாங்கவில்லை!

ஆனால் படிக்கப்போவது சிரிப்பதற்கல்ல.

அடிக்கும் கையை அறிவோம். அடித்தபின் அடிபட்டவளின் நினைவையே அழிக்கும் நாவை அறிவோமா?

என் மகள் வீட்டிலேயே தைப்பவள். கத்தரிக்கோல் காணாமல் போகும்; சர்க்கரை டப்பாவுக்குள் கிடக்கும். "நீதான் வச்சே, மறந்துட்டே" என்பார் மாப்பிள்ளை. அன்பாகச் சொல்வார். அடிக்கடி சொல்வார். அக்கம்பக்கத்திலும் சொல்வார்: "பாவங்க, அவளுக்கு மறதி."

ஒரு மதியம் போனேன். அவள் நெற்றி வீங்கியிருந்தது.

"என்னம்மா இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்ப்பா."

"எந்தக் கதவுல?"

சமையலறை வாசலைக் காட்டினாள். அங்கே கதவு இல்லை. ஒரு துணித்திரை அசையாமல் தொங்கியது.

அவள் பொய் சொல்லவில்லை, தாய்மாரே! நம்பிச் சொன்னாள்!

மாப்பிள்ளை புன்னகைத்தார். "அங்க கதவு இருந்துச்சு மாமா. நேத்து சாயங்காலம்தான் கழட்டினோம். நீங்களே ஒரு பக்கம் பிடிச்சீங்களே! உங்களுக்கும் மறதியா?"

கேளுங்கள்! அந்தக் கணம் என் உள்ளங்கையில் மரத்தின் கனம் தெரிந்தது. தொட்டே பார்க்காத கதவை நான் பிடித்திருந்தேன்!

யாரோ "ஐயோ" என்கிறீர்கள்.

மகளை அழைத்துப்போய்த் திரையை ஒதுக்கினேன். தடவிப் பார்த்தாள். இருபுறமும் வெறும் சுவர்.

"அப்பா... இங்க மரச்சட்டமே இல்லியே. கதவை எதுல மாட்டியிருப்பாங்க?"

மாப்பிள்ளையின் குரல் உடைந்தது. "சரி, கோபத்துல கை பட்டிருக்கும். கோபப்படுத்தினது யாரு? இத்தனை செஞ்ச என்னையே கெட்டவன் ஆக்குறீங்களே!"

அழுதார். கண்ணீர் உண்மையாகவே வழிந்தது. அதைத் துடைக்க என் மகளின் கை உயர்ந்தது. பாதியில் நின்றது. திரும்பி வந்து தன் நெற்றியைத் தொட்டது.

"நான் இடிச்சுக்கலப்பா. இவர் அடிச்சார்."

செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

அவையோரே! நடக்கவில்லை என்பார்கள். மறந்தாய் என்பார்கள். உன்னால்தான் என்பார்கள். ஒன்றும் பலிக்காவிட்டால் அழுவார்கள். அப்போது சொல்லைக் கேட்காதீர்கள், சுவரைத் தொடுங்கள்! 'கதவில் இடித்துக்கொண்டேன்' என்று ஒரு பெண் சொன்னால், 'எந்தக் கதவு, காட்டு' என்று கேளுங்கள்!

என் மகள் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். நன்றாகத் தைக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் திறந்த வாசலைக் கடக்கும்போதும் கையை முன்னே நீட்டி, காற்றை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.

செவி தந்த பெருமக்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.