மணக்காத சேறு

அளவற்ற அருளாளனைப் புகழ்கிறேன். அவையைத் தாங்கி நிற்கும் தலைவர் மசூர் அவர்களே, வயலும் வரம்பும் அறிந்த பெரியவர்களே, சொறிக்கல்முனையிலிருந்து வந்த தங்கரத்தினம் அண்ணர் அவர்களே, பந்தலின் வலப்பக்கம் நிறைந்திருக்கும் உம்மாமாரே, தாய்மாரே, உங்கள்மீது சாந்தி நிலவட்டும்.

உங்கள் வயல்களின் மண்ணையும் உரத்தையும் ஆய்வுக்கு எடுப்பவள் நான். இன்று காலை ஆய்வுகூட முடிவு வந்தது.

முன்வரிசையில் எனக்கு அண்ணன் முறையான ஆதம்பாவா காக்கா இருக்கிறார். சவளக்கடையில் தோட்டம் செய்பவர். அவர் வாங்கிய உரம், மலக்குழிகளிலிருந்து பவுசர் வண்டியில் அள்ளிவந்து காயவைத்த சேறு. நான் ஆய்வுக்கு எடுக்கப் போன அன்று, அவரும் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

“மணமில்ல புள்ள. நிறமும் மண்ணுதான். தொழுகைக்குக் கழுவுற தண்ணியெண்டா நாம இப்பிடித்தானே சுத்தம் பாக்குற?”

“சுவையும் பாக்கணுமே காக்கா?”

“அத நீ பாரு!”

சிரித்தோம். அன்று சிரித்தோம்!

கீரைப் பாத்தியில் போட்டார். என்ன பச்சை! என்ன பருமன்! அவர் முகத்தில் என்ன பெருமை! முதல் கட்டு யாருக்குப் போனது? கர்ப்பிணியான மகள் ஸுஹைறாவுக்கு. பிறகு தினமும்.

அந்தச் சேற்றிலும், பிறகு நான் ஆய்வுக்கு எடுத்த அந்தக் கீரையிலும் ஈயம், சபையோரே. கட்மியம். இரண்டும் நஞ்சு உலோகங்கள். ஈயம் மணக்குமா? கட்மியம் நாறுமா? வெயிலில் போட்டால் வற்றிப் போகுமா?

எங்கிருந்து வந்தது என்று பின்வரிசையில் கேட்கிறீர்கள். பற்றரி கழுவிய நீர் எங்கே போகிறது? சாயத்தொட்டி மிச்சம் எங்கே போகிறது? குழிக்கு. குழியிலிருந்து பவுசருக்கு. பவுசரிலிருந்து பாத்திக்கு. பாத்தியிலிருந்து...

நிறுத்துகிறேன். தங்கரத்தினம் அண்ணர் கை காட்டுகிறார்.

“அப்ப இந்த உரமே வேணாமா தங்கச்சி? கடையில வாங்க ஏலுமா?”

வேண்டும் அண்ணர். கழுவி எடுப்போம். எலுமிச்சை அமிலம் கலந்த நீரில் சேற்றைக் கலக்கினால் உலோகத்தின் பெரும்பங்கு நீரில் இறங்கும். அந்த நீரை வாய்க்காலில் விடக்கூடாது. சுண்ணாம்பிட்டால் உலோகம் அடியில் படியும். அதைப் பிரித்துப் பத்திரமாக மூடிவைக்க வேண்டும். சேற்றை மீண்டும் அலசி, ஆய்வுகூடம் சரி என்ற பிறகே வயல். அதுவரை ஒரு கூடை? கூடாது! ஒரு கைப்பிடி? கூடாது!

ஆதம்பாவா காக்கா எழுந்து நிற்கிறார்.

“அப்ப என்ட மகள்?”

காக்கா, நாளைக்கு ரெத்தம் பாப்பம். நானும் வாறன்.



கழுவாத சேறு வேண்டாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்.

முதல் கை அவருடையது. நகத்தில் இன்னும் அந்தச் சேறு.

அந்தக் கைக்கு என் நன்றி. உங்கள் வயலுக்கும், ஸுஹைறாவின் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் என் ஸலாம். வணக்கம்.