மடித்து வைத்த கேபிள்

தங்கை: …தட்டு வெளியே வருது, உள்ளே போகுது. ஆனா கம்ப்யூட்டர்ல இந்த டிஸ்க் டிரைவே காட்டலை. இது என்ன நியாயம் அண்ணா?

அண்ணன்: புதுசு இல்லையா… பழகணும்.

தங்கை: பழகுறதுக்கு இதென்ன மாப்பிள்ளையா?

அண்ணன்: மெதுவா பேசு. அம்மா இப்பதான் கண்ணசந்தாங்க.

தங்கை: அம்மாவுக்காகத்தானே இவ்வளவும். நாலு தரம் ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த ஸ்கேனை அஞ்சு மணிக்குள்ள மெயில்ல அனுப்பினாத்தான் நாளைக்கு மருந்தை முடிவு பண்ண முடியும்னு டாக்டர் சொல்லிட்டார்.

அண்ணன்: ஸ்கேன் இருக்கற டிஸ்க்கை அப்படியே டாக்டர் கையில கொடுத்துருவோமே.

தங்கை: அங்கே டிஸ்க் போடற மெஷினே இப்ப கிடையாதாம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில கேட்டேன். “டிஸ்க்கா?”ன்னு சிரிக்கிறார். ஸ்கேன் எடுத்த சென்டரை மூடியே ஒரு வருஷம் ஆச்சு. அதனாலதானே இந்த டிரைவையே வாங்கிட்டு வந்தேன்.

அண்ணன்: டிரைவே பழுதோ என்னவோ. ரெண்டு நாள் கழிச்சு கடையில கொடுத்து மாத்திக்கலாம்.

தங்கை: பழுதுன்னா தட்டு எப்படி வரும்? டிரைவுக்குக் கரண்ட் வருது. கரண்டுக்கு ஒரு கேபிள், தகவலுக்கு ஒரு கேபிள். ரெண்டாவதுலதான் ஏதோ தகராறு.

அண்ணன்: வந்துட்டாங்க விஞ்ஞானி. நீ படிச்சது செடி கொடியைப் பத்தி.

தங்கை: இயற்பியல். தங்கச்சி என்ன படிச்சான்னு தெரியாம ஒரு அண்ணன்… அந்த ஸ்க்ரூடிரைவரைக் கொடு.

அண்ணன்: வேணாம். ஷாக் அடிச்சுத் தொலையும்.

தங்கை: ப்ளக்கைப் பிடுங்கியாச்சு. கொடுன்னா கொடேன்.

அண்ணன்: காலைல ஒரு மணி நேரம் குனிஞ்சு நான்தானே மாட்டினேன். எல்லாம் சரியா இருக்கு. என்மேல நம்பிக்கை இல்லையா?

தங்கை: உன்மேல இருக்கு. உன் முதுகுவலி மேல இல்ல… டார்ச்சைப் பிடி. இன்னும் கீழே. இதோ. சிவப்புக் கேபிள். டிரைவ்ல மாட்டவே இல்ல.

அண்ணன்: கழண்டிருக்கும்.

தங்கை: கழண்டா தொங்கும். இது நாலா மடிச்சு, கட்டுக் கம்பி சுத்தி, பின்னால சொருகி இருக்கு. அண்ணா?

அண்ணன்: நான்தான்.

தங்கை: எதுக்கு?

அண்ணன்: அஞ்சு மணி தாண்டிட்டா, டிஸ்க் ஓடலைன்னு சொல்லிரலாம்னு… அதுல ரிப்போர்ட்டையும் சேர்த்துப் போட்டிருக்காங்க.

தங்கை: ஒண்ணுமில்லைன்னு வந்த ரிப்போர்ட்தானே?

அண்ணன்: சின்னதா ஒரு புள்ளி தெரியுது, ஆறு மாசத்துல மறுபடி எடுங்கன்னு வந்த ரிப்போர்ட்.

தங்கை: அப்புறம் ஏன் எங்ககிட்ட ஒண்ணுமில்லைன்னு சொன்னே?

அண்ணன்: மாடிப்படியில நின்னு படிச்சேன். அம்மா கீழே நின்னு என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. வாயைத் திறந்தா, “ஒண்ணுமில்லம்மா”ன்னு வந்துருச்சு. மறுநாள் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அந்த வாரம் பூரா அம்மா அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க… போகப் போக நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்.

தங்கை: பேப்பர்ல கொடுத்தது?

அண்ணன்: கிழிச்சுட்டேன். டிஸ்க்கை உடைக்க மட்டும் மனசு வரலை.

தங்கை: ரெண்டு வருஷத்துல அந்தப் புள்ளி எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பார்த்துத்தான் மருந்தே கொடுப்பாங்க. அது தெரியுமா உனக்கு?

அண்ணன்: தெரியும். ஆனா நாளைக்கு டாக்டர், “ஏன் அப்பவே வரலை?”ன்னு கேட்பார். அம்மா திரும்பி என்னைப் பார்ப்பாங்க… அதுக்குப் பயந்து, பாரு, மறுபடியும் அதையேதான் பண்ணி வச்சிருக்கேன்.

தங்கை: கேபிளை மாட்டு.

அண்ணன்: நீயே…

தங்கை: இல்ல. நீ மாட்டு.

அண்ணன்: …மாட்டியாச்சு.

தங்கை: ஆன் பண்றேன்… சுத்துற சத்தம் கேக்குதா?

அண்ணன்: ம். வந்துருச்சு. ரெண்டாவது ஃபைல்தான் ரிப்போர்ட்.

தங்கை: பார்த்துட்டேன்.

அண்ணன்: திட்டேன். ரெண்டு அறை வேணும்னாலும் விடு.

தங்கை: அந்த ஆறாவது மாசம் ஸ்கேன் சென்டர்லேருந்து போன் வந்துச்சு அண்ணா. யார்கிட்டயும் நான் சொல்லலை.

அண்ணன்: எந்த போன்? என்ன சொன்னாங்க?

தங்கை: அம்மாவைத் திரும்பக் கூட்டிட்டு வாங்கன்னு. காசுக்கு ஆள் பிடிக்கிறாங்கன்னு நினைச்சேன். மூணு தரம் கூப்பிட்டாங்க. மூணாவது தரம், “எங்க அண்ணனே படிச்சுப் பார்த்துட்டாரு, ஒண்ணுமில்ல, இனிமே கூப்பிடாதீங்க”ன்னு சொல்லி போனை வச்சுட்டேன்.