சிலுவைமுத்துவின் வள்ளம் கவிழ்ந்த அன்றைக்கு

பிலோமி: அங்கயே நில்லு. படி ஏறாத.

அனீஷ்: நான் உள்ள வரல்லக்கா. சிலுவைமுத்தண்ணாச்சியப் பாத்து ஒரு வார்த்தை…

பிலோமி: கையில என்ன அது?

அனீஷ்: மட்டிப்பழம். சுசீந்திரத்துல நம்ம வீட்டு வாழை.

பிலோமி: எனக்க மாப்பிள்ளையக் கடல்ல தள்ளிட்டு ஒரு சீப்புப் பழத்தோட வந்திருக்கான்! ஆளு செத்திருந்தா குலையோட கொண்டு வந்திருப்பே, இல்லியா?

சிலுவைமுத்து: ஏட்டி, வாசல்ல யாருட்டி?

பிலோமி: ம்… உங்க வள்ளத்தக் கவுத்த மோட்டார் போட்காரன். அந்த வயக்காட்டுப் பிள்ளை அனீஷு.

சிலுவைமுத்து: ஆளு தூங்கியாச்சுன்னு சொல்லு.

அனீஷ்: அண்ணாச்சி, எனக்குக் கேக்குது.

சிலுவைமுத்து: எனக்குக் கேக்கல்ல. ரெண்டு காதுலயும் கடல்தான் இருக்கு.

அனீஷ்: காலையில பந்தயம் நடக்கும்போ…

பிலோமி: நடக்கும்போ நீ செஞ்சத ஊரே பாத்துது. வள்ளம் பூரா பாய் விரிச்சு வருது, எங்க ஆளு முன்னால. மிதவையச் சுத்தித் திரும்பினா போதும், ஜெயிச்சாச்சு. அப்பம் பாத்து நீ டூரிஸ்டுகள ஏத்திட்டு அங்க வந்து நிக்கே! பாயக் கண்டா இன்ஜினத் தணிக்கணும். காத்த மறிச்சு நிக்கப்பிடாது. அலை கிளப்பப்பிடாது. இதெல்லாம் தெரியாம என்ன போட்டுலே ஓட்டுதே? டிராக்டர்னு நெனச்சியா?

அனீஷ்: தெரியும்க்கா…

பிலோமி: தெரிஞ்சிட்டுத்தானா கவுத்தே?

சிலுவைமுத்து: ஏட்டி… சவத்த விடு.

பிலோமி: எதுக்கு விடணும்? திருவிழாப் பந்தயத்துல இத்தனை வருசமா நீங்கதான ஜெயிக்கிய? இன்னைக்குத் தலைகுப்புற விழுந்து, கைலியும் போயி, ஜினோ அவனுக்க வள்ளத்துல தூக்கிப் போட்டுல்லா கொண்டு வந்தான். பெரிய சைஸு நெத்திலி மாதிரி.

சிலுவைமுத்து: கைலி போனத எதுக்குட்டி சொல்லுதே?

பிலோமி: கரையே பாத்தாச்சு. இவன் ஒருத்தனுக்கு மட்டும் ஒளிக்கணுமா?

அனீஷ்: கைலி எனக்க போட் பக்கமாத்தான் மிதந்து வந்துது, அண்ணாச்சி. தொவச்சுக் கொண்டு வந்திருக்கேன்.

சிலுவைமுத்து: …குடு.

பிலோமி: இஸ்திரி வேற போட்டிருக்கான்!

அனீஷ்: அண்ணாச்சி, இப்பம் கோயில் மணி அடிச்சதும் ஊர்க்கமிட்டி கூடுது. எனக்க போட் இனி இந்தக் கரையில அணையப்பிடாதுன்னு முடிவு பண்ணப் போறாங்களாம். ஜினோதான் சொன்னான். நீங்க வாயத் திறந்தா மட்டும்தான் மாறுமாம்.

பிலோமி: ஓகோ. பழம் அதுக்குத்தானா?

அனீஷ்: இல்லக்கா. நீங்க ஒண்ணும் பேசாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். குத்தம் எனக்கதுதான்னு நானே போயிச் சொல்லிருதேன். போட்ட வித்துட்டு மறுபடியும் மஸ்கட்டு போயிர வேண்டியதுதான்.

சிலுவைமுத்து: மஸ்கட்டா? லேய், உனக்க வீட்டுக்காரி ஆர்த்திகா நிறைமாசமா இருக்குன்னு சொன்னியே?

அனீஷ்: ஆமா.

பிலோமி: …நிறைமாசமா? இத ஏன்லே என்கிட்ட சொல்லல்ல?

அனீஷ்: காலையிலருந்து நீங்க ஏசிட்டு இருந்தீங்க. நடுவுல நுழைய இடம் கெடைக்கல்ல.

சிலுவைமுத்து: அனீஷே… இங்க பாரு. உள்ளதச் சொல்லு. உனக்க இன்ஜின் ஓடிச்சா?

அனீஷ்: …ஓடிச்சு.

சிலுவைமுத்து: பொய்.

அனீஷ்: கொஞ்சமா ஓடிச்சு.

சிலுவைமுத்து: கொஞ்சமா ஓட அது என்ன, தையல் மெஷினா? நீ தூரத்துலயே நிறுத்தியாச்சு. காத்துக்கு அந்தப் பக்கமா ஒதுங்கிட்டே. கடல்ல சத்தமே இல்ல. உனக்க ஆளுக கை தட்டினதுதான் எனக்குக் கேட்டுது.

பிலோமி: காதுல கடல்னு சொன்னிய?

சிலுவைமுத்து: அது விழுந்த பொறவுட்டி. இது விழுறதுக்கு முந்தி.

அனீஷ்: கை தட்டச் சொன்னதே நான்தான், அண்ணாச்சி. "அந்தா வாறாரு பாருங்க, இந்தக் கடல்ல பாய் ஓட்ட இவர விட்டா ஆளில்ல, நல்லாத் தட்டுங்க"ன்னு… மரியாதைக்குத்தான் செஞ்சேன். அதுதான் வினையாப் போச்சு. அப்பம் குத்தம் எனக்கதுதானே?

சிலுவைமுத்து: தட்டினா தட்டிட்டுப் போறாங்க. நான் எதுக்குலே எழும்பி நிக்கணும்?

பிலோமி: யாரு எழும்பி நின்னா?

சிலுவைமுத்து: …நான்தான்.

பிலோமி: ஓடுற வள்ளத்துலயா?

சிலுவைமுத்து: எழும்பி நின்னு ரெண்டு கையயும் தூக்கி டாட்டா காட்டினேன். ஒரு பொண்ணு ஃபோன்ல படம் பிடிச்சிட்டு நிக்கி. ஒத்தக் கையக் காட்டினா நல்லாவா இருக்கும்னு…

அனீஷ்: அண்ணாச்சி, போகட்டும். இதோட விடுங்க.

சிலுவைமுத்து: சொல்ல விடுலே. பாய்க்கயிறு எப்பமும் கையிலதான் இருக்கணும். காத்து முறுக்கினா விட்டுக் குடுக்கணும். கரையில மண்ணு வாரி விளையாடுத பிள்ளைக்கும் இது தெரியும். அதக் கொண்டு போயி வள்ளத்துல கட்டிப் போட்டேன்… இந்த வயசுல, டாட்டா காட்டதுக்கு! ஒரே ஒரு காத்துதான் வந்துது. அவ்வளவுதான்.

அனீஷ்: தெரியும். நீங்க குனிஞ்சு கட்டினத நான் பாத்தேன்.

சிலுவைமுத்து: பாத்துட்டுத்தானா கரையில நின்னு அத்தனை ஏச்சும் வாங்கினே?

அனீஷ்: என்ன ஏசினா நாலு நாள் ஏசுவாங்க. சிலுவைமுத்து கயிறக் கட்டிப் போட்டான்னு தெரிஞ்சா, நீங்க இனி கரையில தலை தூக்கி நடக்க முடியுமா?

சிலுவைமுத்து: …நான் வந்து எறங்கும்போ எல்லாரும் "மோட்டார்காரன் கவுத்துட்டான்"னு கத்துதாங்க. இல்லன்னு சொல்ல வாயத் திறந்தேன். பொறவு உப்புத்தண்ணி குடிச்சவன் மாதிரி இருமினேன். மத்தியானச் சோத்துக்கு உக்காரது வரைக்கும் இருமினேன், கேட்டியா? தொண்டையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

அனீஷ்: அண்ணாச்சி… மணி அடிச்சாச்சு.

சிலுவைமுத்து: ஏட்டி, சட்டைய எடு. கமிட்டியில நானே போயிச் சொல்லிருதேன்.

அனீஷ்: யாரும் நம்ப மாட்டாங்க. வள்ளத்தக் கரையில இழுத்துப் போட்ட பொறவு கமிட்டிக்காரங்க ஏறிப் பாத்திருக்காங்க. கயிறு அவுந்துதான் கிடந்துதாம். என்னக் காப்பாத்தப் பொய் சொல்லுதீங்கன்னுதான் நெனைப்பாங்க.

சிலுவைமுத்து: அவுந்து கிடந்துதா? அது எப்படிலே? நான் போட்ட முடிச்சு, அதுவும் நனைஞ்சு இறுகினது, தானா அவுறாதே… ஏட்டி பிலோமி, எல்லாரும் என்னச் சுத்தி நிக்கும்போ நீ நேரா வள்ளத்துக்குல்லா ஓடினே?

பிலோமி: …விரலுக்கு வரல்ல. பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன். அந்த உப்பு வாயோட திரும்பி வந்துதான், மக்கா, உன்ன ஏசத் தொடங்கினேன்.