கண்ணாடியில் ஒரு விரல்

கை கழுவுவதில் நான் கொஞ்சம் கறாரான ஆள். என்னைக் கண்டால் சோப்புக்கே பயம் என்று என் மனைவி ரமாமணி கேலி செய்வாள். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் அவசரப்படாமல் கேட்டால், நானும் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

2003-இல் கலைவாணி என்னிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். பட்டு நெய்யும் குடும்பம். முதல் நாள் அவளுடைய அப்பா உமாபதியும் வந்திருந்தார். கண்ணாடி மேல் வெள்ளி பூசுவதுதான் எங்கள் வேலை என்றதும் அவர் முகம் மாறியது.

"வூட்லயே இவள ஜரிகை தொட வுடமாட்டோம் சார். கை வேர்க்கும், வெள்ளி கறுத்துடும். நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

"இங்க கிளவுஸ் இருக்குதுப்பா, நீ சும்மா இரு" என்று அவள் சிரித்தாள். அவள் அப்பாவின் அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகளை நீரில் கலந்து, சுத்தமான கண்ணாடியில் பரப்பி உலரவிட்டால், அவை தாமாகவே வரிசை கட்டும். அவற்றைக் கொஞ்சம் சிறுக்க வைத்து, மேலே வெள்ளியைப் படியவிட்டு, பிறகு உருண்டைகளை மட்டும் எடுத்துவிட்டால், வெள்ளிப் படலம் முழுக்கத் துளைகள். ஒரு தலைமுடியின் அகலத்தில் நூறு துளைகளுக்கு மேல் நிற்கும். ஒளியின் அலையைவிடச் சிறிய துளை ஒன்று தனியாக இருந்தால் அதன் வழியே வெளிச்சம் கசிவதே அபூர்வம். ஒழுங்கான வரிசையில் நின்றாலோ, துளைகளின் மேல் விழுந்ததைவிட அதிக வெளிச்சம் மறுபக்கம் வரும். துளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அதன் நிறத்தைத் தீர்மானிக்கும். வரிசை கலைந்தால் ஒன்றுமே கிடையாது. நான்கு வருடம் முயன்றும் எனக்கு அது வரவில்லை.

அவளுக்கு மூன்றாவது கண்ணாடியிலேயே வந்துவிட்டது.

"சார், அரக்கு கலர் வருது சார்! ஓட்டையே தெரியல, இவ்ளோ வெளிச்சம் எங்கேர்ந்து வருது?" என்றாள். ஆய்வக உதவியாளர் முனிசாமி கை தட்டினார். எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் பெண் கெட்டுப்போவாளே என்ற கவலைதான்.

மறுநாள் மாலை அவள் செவிலிமேடு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியதும், காலை வேலைக்காக அவள் கழுவி மூடி வைத்திருந்த கண்ணாடிகளைத் திறந்தேன். ஆள்காட்டி விரலால் என் மூக்கின் ஓரத்தைத் தொட்டேன். அந்த விரலை ஒவ்வொரு கண்ணாடியிலும் லேசாக ஒருமுறை வைத்தேன். முகத்தின் எண்ணெய் பட்ட இடத்தில் உருண்டைகள் வரிசை கட்டாது. பதினான்கு மாதம் இப்படிச் செய்தேன். பொறுமை கற்றுத்தர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஏன் சார் வரமாட்டேங்குது என்று அவள் அழுதாள்.

"உன் கைதாம்மா. கிளவுஸுக்குள்ள வேர்த்து விளிம்பு வழியா இறங்கறது. அப்பா அன்னிக்கே சொன்னாரே" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு, கண்ணாடி கழுவும் அமிலத்தில் தண்ணீர் கலந்து விரல்களைக் கழுவ ஆரம்பித்தாள். தோல் உரிந்தால் வேர்க்காது என்று நான் சொல்லவில்லை, அது அவளாகவே நினைத்துக்கொண்டது. பார்த்தேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குப்பி காலியாகும்போதெல்லாம் நிரப்பி வைத்தேன், ஆய்வகம் என்றால் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஒரு நாள் தண்ணீர் கலக்காத அமிலத்திலேயே இரண்டு கைகளையும் விட்டாள். வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்கிறார்கள். படிப்பையும் நிறுத்திவிட்டாள்.

போன வாரம் முனிசாமி அலமாரியைத் துடைக்கும்போது, அவள் கடைசியாகக் கழுவி வைத்த கண்ணாடி ஒன்றை எடுத்து வாயால் ஊதிப் பார்த்திருக்கிறார். மூச்சுப் பட்டதும் ஒரு ரேகை தெரிந்ததாம்.

"பாப்பா வெரல்ல ரேகையே அழிஞ்சி பூட்ச்சே சார். அப்போ இது யார்து?" என்று என்னிடமே கேட்டார். பிறகு உங்களிடம் வந்தார். அவர் சொன்னது உண்மை. அது என் விரல்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். அவள் போன இந்த மூன்று மாதமாக நானே செய்துவருகிறேன். அதே வெள்ளி, அதே உருண்டைகள். நான்கு முறை கை கழுவி, கண்ணாடிகளைக் கழுவி மூடி வைத்துவிட்டு வருகிறேன். ஒருமுறைகூட அந்த அரக்கு நிறம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போன பிறகு யாரோ என் கண்ணாடிகளைத் தொடுகிறார்கள். தயவுசெய்து அதையும் விசாரியுங்கள்.