காலிப் பாட்டிலும் கனிந்த வாழ்த்தும்: எங்கள் ‘பொறும்மா’ டாக்டருக்கு

கத்தியைத் தொடுமுன் காது கொடுத்தவரே! அவசரத்துக்கு அணை போட்ட அன்னையே! “பொறும்மா, எடுத்துத்தான் ஆகணுமான்னு பார்ப்போம்” என்று சொல்லிச் சொல்லியே ‘பொறும்மா டாக்டர்’ என்று பெயரெடுத்த பெருந்தகையே! மகளிர் மருத்துவப் பிரிவின் மாண்பே, வணக்கம்!

பணி ஓய்வுப் பாராட்டு மடலென்றால் பதவிகளையும் பட்டங்களையும் பக்குவமாக அடுக்க வேண்டுமாம். அடுக்கினால் “போதும்பா, காபி ஆறுது” என்று நீங்களே அடக்கிவிடுவீர்கள். ஆகவே ஒரே ஒருவரின் கதையைச் சொல்கிறோம். சொல்லுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார்.

நம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் தலைவி அவர். நம் எல்லோருக்கும் சலவை அக்கா. ஈரப் போர்வை மூட்டையைத் தூக்கும்போதெல்லாம் கீழே ஏதோ நழுவுவதை மாதக்கணக்கில் மூச்சுவிடாமல் மறைத்தவர். நின்றால் கனம், நடந்தால் உரசல், சிரித்தால் சிறுநீர்! அதனால் சிரிப்பையே விட்டுவிட்டார் பாவம். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் மாமியார், “பெத்ததெல்லாம் பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு? எடுத்துத் தொலை” என்றார். நாத்தனார் ஆமாம் போட்டார். அக்காவோ, “உழைச்சு முடிச்சதும் தூக்கி எறிய அது என்ன கந்தல் துணியா? எடுக்க விடமாட்டேன்” என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் மூட்டை தூக்க முடியாதவருக்குச் சலவைக்கூடத்தில் என்ன வேலை? உடம்பும் வேண்டும், வேலையும் வேண்டும் என்று கண் கலங்கி உங்கள் முன் உட்கார்ந்தார்.

எடுக்காமலே தூக்கி நிறுத்த வழி உண்டு என்றீர்கள் நீங்கள். வயிற்றில் ஒரு கீறலும் இல்லாமல், கீழ்வழியாகவே தையல் போட்டு, இடுப்புக்குள் இருக்கும் கெட்டியான தசைநாரோடு கட்டுவது ஒன்று. சீக்கிரம் முடியும், ஆனால் பிறப்புப் பாதையின் முன்பக்கச் சுவர் மறுபடி தொங்க வாய்ப்புண்டு. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, வலைத்துண்டால் முதுகெலும்பின் அடியில் கட்டுவது இன்னொன்று. நன்றாகத் தாங்கும், ஆனால் மயக்கத்தில் கூடுதல் நேரம் கிடக்க வேண்டும், வலையும் உடம்புக்கு வெளிப்பொருள்தான்.

“இதுல எது உசத்தி டாக்டர்?”

“உசத்தி கிசத்தியெல்லாம் இல்லம்மா. நீ என்ன தூக்குறேன்னு சொல்லு, உனக்கு எது பொருந்தும்னு சேர்ந்தே பார்ப்போம். திரும்ப இறங்கவே இறங்காதுன்னு மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன்.”

ஆசை காட்டாத அந்த வார்த்தையில்தான் அக்காவுக்கு நம்பிக்கை பிறந்தது. யோசித்து, வலைத்துண்டு வழியைத் தானே தேர்ந்தார்.

அறுவை அரங்கில் நாங்கள் அடித்த கூத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கர்ப்பப்பை அறுவை என்றாலே எடுத்ததைப் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பப் பாட்டில் வைத்தே பழகிய கை எங்கள் கை. அன்றும் அக்காவின் பெயர்ச்சீட்டை ஒட்டி, தலைமாட்டிலேயே வைத்துத் தொலைத்தோம்! மயக்கமருந்துக்கு முன் அதைப் பார்த்த அக்கா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். “ஏமாத்திட்டீங்களே!” என்று அழுத அழுகையில் எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. அன்று நீங்கள் ‘பொறும்மா’ என்றது எங்களைப் பார்த்து. “யார் வச்சது இதை? இதுல போட இங்க ஒண்ணுமில்ல” என்று பாட்டிலை நீங்களே தூக்கி வெளியே வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். மயங்கும்வரை விடவில்லை.

இன்று காலை, உங்கள் பணியின் கடைசி நோயாளியாக அக்காவே வந்தார். மூட்டைகளை மீண்டும் தூக்கத் தொடங்கிய பிறகு வரும் முதல் பரிசோதனை; இறங்கியிருந்தால் எல்லாம் வீண். “இருமு” என்றீர்கள். “இன்னும் பலமா இருமு.” கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூச்சைப் பிடித்து நின்றோம். “இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. போய் வேலையைப் பாரு.”

அப்பாடா! அக்கா சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீர் வந்தது கண்ணில் மட்டும்தான்.

அந்த அக்காதான் இந்த மடலை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார். “நாற்காலி போடட்டுமா?” என்றோம். “எதுக்கு?” என்றார்.

பொறுமையின் பொன்விளக்கே! இனி காபியைச் சூடாகவே குடியுங்கள், பகலிலும் தூங்குங்கள், நோயின்றி நொடியின்றி நூறாண்டு நிறைந்து வாழுங்கள்! மாலையோடும் மடலோடும் இன்னுமொரு பரிசு தருகிறோம். கழுவித் துடைத்து, பெயர்ச்சீட்டு கிழியாமல் பத்திரப்படுத்திய அதே பாட்டில். உள்ளே பூ வைக்கலாமா என்று கேட்டோம். அக்கா கூடாதென்றுவிட்டார். அது காலியாகத்தான் இருக்க வேண்டுமாம்.

என்றும் நன்றியுடன்,
அறுவை அரங்கத்தார், மகளிர் பிரிவுச் செவிலியர்,
நின்றபடியே வாசித்து முடித்த சலவை அக்கா