மூன்றாம் தடவை எடுத்த வீடியோ

பெயர் பேச்சியம்மாள், வயது 34, கணவர் பெயர் முத்துமணி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஓசூர் மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன என் கணவர் 3.11.2025 அன்று இறந்தது உறுதி என்றும், உடல் அங்குள்ள அரசு மருத்துவமனைப் பிணவறையில் இருக்கிறது என்றும் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை இன்று காலை காவல் உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார்.

என் கணவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடாவுக்குச் சம்பள வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சென்ற மார்ச்சில் மத்திகிரியில் அறக்கட்டளை நடத்தும் குருமூர்த்தி வீட்டுக்கு வந்து, தன்னார்வலராகப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை, தாளில் தொண்டு என்று இருக்கட்டும், சம்பளம் அங்கே கைக்கு வரும் என்றார். என் கணவர் தயங்கினார். "ஆடிட்டுக்கு அக்கா சொல்றதில்லீங்களாண்ணா, அந்த மாதிரிதான்" என்றார் குருமூர்த்தி.

எங்கள் கம்பெனியில் வேலை நேரம், சம்பளம் சரிபார்க்க வெளியாட்கள் ஆடிட்டுக்கு வரும் முன்தினம் சூப்பர்வைசர் பதில்களை மனப்பாடம் செய்ய வைப்பார். பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் எட்டு என்றே சொல்வோம். நான் ஒருதடவைகூடத் தவறியதில்லை. புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். இதையும் அப்படியே நினைத்தேன்.

அதன்பின் மூன்று நாள் என் கணவருக்குப் பதில் சொல்லப் பழக்கினேன். அதன்பின் குருமூர்த்தி கேட்டபடி என் செல்போனில் வீடியோ எடுத்தேன். முதல் தடவை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏளா, நான் என்ன சாமியாரா?" என்றார். இரண்டாம் தடவை சம்பளம் என்று வாய்தவறிச் சொன்னார். மூன்றாம் தடவை, "சிரிச்சிட்டு நின்னா பிளேன்ல ஏத்த மாட்டான், ஒழுங்கா சொல்லுங்க" என்று அதட்டினேன். சம்பளம் எதுவும் கேட்க மாட்டேன், என் விருப்பப்படி சேவை செய்யப் போகிறேன் என்று சரியாகச் சொன்னார். அதை அனுப்பினேன்.

ஏப்ரல் 20 அன்று போனார். அங்கே கிடங்குக் கூரைக்குத் தகடு போட ஏற்றினார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதமாகியும் சம்பளம் தரவில்லை. நான் போய்க் கேட்டதற்குக் குருமூர்த்தி, "சேவைக்குப் போனவருக்கு ஏதுக்கா சம்பளம்? அண்ணனே வாயால சொல்லியிருக்காரே" என்றார். அதன்பின் என் கணவர் கூரையிலிருந்து விழுந்தார்.

அவர் தொழிலாளி அல்ல, தன்னார்வலர், ஆகவே உடலை அனுப்பும் செலவும் இழப்பீடும் தங்களுடையதல்ல என்று அவரை அங்கே வேலைக்கு வைத்திருந்த நிறுவனம் தூதரகத்துக்கு எழுதி, சான்றாக என் வீடியோவையே கொடுத்திருக்கிறது. இன்று அதை நிலையத்தில் போட்டுக் காட்டினார்கள். தொடக்கத்தில் அதட்டும் குரல் யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன்.

உடலை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும்படி குருமூர்த்தி ஆள் அனுப்பினார். நான் போடவில்லை.

சொன்னது யாவும் வாசிக்கக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, உண்மை. என் கணவரைத் தொழிலாளியாகக் கருதுவதா என்ற முடிவு டிசம்பர் 5ஆம் தேதி வரும் என்று ஆட்சியர் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். செலவை யாரும் ஏற்காவிட்டால் நவம்பர் 30ஆம் தேதி புதைத்துவிடுவோம் என்று மருத்துவமனை தெரிவித்திருக்கிறது.

(ஒப்பம்) மு. பேச்சியம்மாள்
ஓசூர், 19.11.2025